பித்தம் தெளிய அருவி மட்டும் போதுமா?

சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் தென்காசிப் பக்கம் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். "குற்றாலத்துல குளிச்சா பித்தம் தெளியும்லா?" உடம்புச் சூட்டுக்குச் சொன்னால் பரவாயில்லை. மனநோயாளியை அழைத்து வருகிறவர்களும் இதையே சொல்லும்போதுதான் பயமாக இருக்கிறது.

நம் தமிழைக் கவனியுங்கள். பித்தம் உடம்பில் சுரப்பது. பித்தன் என்றால் புத்தி பேதலித்தவன். திமிராகப் பேசினால் "கொழுப்பு கூடிப்போச்சு" என்கிறோம். நடத்தைக்கு உடம்பிலும் வேர் உண்டு என்பதை முன்னோர் சொல்லிலேயே வைத்துவிட்டார்கள். வாதம், பித்தம், கபம் நிலைதவறினால் மனமும் தடுமாறும் என்கிறது சித்த மருத்துவம். அகத்தியர் பெயரில் வழங்கும் கிரிகை நூல் மனநோய்களை 18 வகையாகப் பிரிக்கிறது.

இன்றைய மருத்துவமும் உடம்பைப் பார்க்கத்தான் சொல்கிறது. தைராய்டு சுரப்பு கூடினால் எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை வரும். குறைந்தால் சோர்வும் மறதியும் வரும். வைட்டமின் பி12 குறைந்தாலும் மனம் குழம்பலாம். ரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்கினால் சாதுவான மனிதரும் வள்ளென்று விழுவார். ஆகவே, "அவ குணமே அப்படித்தான்" என்று முத்திரை குத்துமுன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

"அப்படின்னா, குடிச்சிட்டு அடிக்கிறவனையும் உடம்புன்னு விட்டுடலாமா?" என்று கேட்பீர்கள். கூடவே கூடாது. உடம்பு நிலம் மாதிரி. அதில் என்ன விளைகிறது என்பதில் வளர்ப்புக்கும் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. காரணம் வேறு, சாக்கு வேறு.

சரி, அருவிக்கு வருவோம். குளிர்ந்த நீர் உடம்புக்குப் புத்துணர்ச்சி தரும். ஆனால் தீவிர மனநோய் தலையில் தண்ணீர் விழுவதால் தீராது. மாத்திரையை நிறுத்திவிட்டு அருவியில் நிறுத்தினால் நோய் மறுபடியும் தலைதூக்கும். வலிப்பு உள்ளவருக்கு வழுக்குப் பாறையில் வலிப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து.

அதைவிடக் கொடுமை சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தது. 28 மனநோயாளிகள் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் எப்படித் தப்பி ஓடுவார்கள்? 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்திருக்கிறது.

சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்: எங்கள் மருந்து வேண்டுமென்றால், மனநல மருத்துவரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள். சாப்பிடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 'டெலி மானஸ்' இலவச எண் 14416 இருக்கிறது.

சீசனுக்கு வாருங்கள், ஆசைதீரக் குளியுங்கள். துண்டோடு சேர்த்து மாத்திரையையும் மறக்காமல் பையில் வையுங்கள்.