கற்பனை உலகில் உண்மை முகங்கள்

நுழையும் முன்

கணினி விளையாட்டுகள் இன்று பெருங்கலையாகவும் பெருந்தொழிலாகவும் வளர்ந்துள்ளன. அவற்றில் வரும் மனித முகங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்பது குறித்து இக்கட்டுரை ஒரு கருத்தை முன்வைக்கிறது. ஆசிரியர் தம் கருத்தை நிறுவக் காட்டும் சான்றுகளையும், மாற்றுக் கருத்தை அவர் எதிர்கொள்ளும் முறையையும் கவனித்துப் படியுங்கள்.

கற்பனை உலகில் நிகழும் கணினி விளையாட்டுகள் பலவும் ஒரே வினாவுடன் தொடங்குகின்றன. வாளை ஏந்துவதற்கும் மாயம் கற்பதற்கும் முன்பாகவே, ‘நீ யார்?’ என்று கேட்பதுபோல் ஒரு திரை தோன்றும். அதன் நடுவில் ஒரு முகம் இருக்கும். அருகில் ‘ஸ்லைடர்’ எனப்படும் நகர்பட்டைகள் வரிசையாக நிற்கும். ஒன்றை நகர்த்தினால் மூக்கு நீளும். மற்றொன்றை நகர்த்தினால் தாடை அகலும். விளையாடுவோர் தமக்கு வேண்டிய முகத்தைத் தாமே படைத்துக்கொள்ளலாம். இத்திரையின்முன் மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் இளையோரை நாம் அறிவோம்.

என் அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பில் பயில்கிறாள். சென்ற கோடை விடுமுறையில் அவள் இத்தகைய திரையொன்றின்முன் அமர்ந்து, மறைந்த தன் பாட்டியின் முகத்தை ஒரு போர்வீராங்கனைக்குத் தர முயன்றாள். பாட்டியின் மூக்கு அகன்றது. இடக்கண் வலக்கண்ணைவிடச் சற்றே சிறியது. நிறம் நல்ல கருமை. மூக்கை அகலப்படுத்தியபோது கன்னமும் உதடும் தாமாகவே மாறின. கண்கள் இரண்டும் இணைந்தே அசைந்தன. நிறத்தைக் கருமையாக்கியபோது முகம் சாம்பல் பூசியதுபோல் வெளிறியது. முதுமைக்கான பட்டையை நகர்த்தியபோது, இளம்பெண்ணின் முகத்தின்மேல் சுருக்கக் கோடுகள் வரைந்ததுபோல் இருந்தது. இரண்டு மணி நேரத்திற்குப் பின் அவள் முயற்சியைக் கைவிட்டு, ஆயத்தமாக இருந்த அழகிய முகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். “இந்த உலகத்தில் பறவைநாகத்துக்கு இடம் இருக்கிறது, சித்தப்பா. பாட்டிக்குத்தான் இல்லை” என்றாள்.

அவள் சொல்லில் சினம் இல்லை, ஏமாற்றமே இருந்தது. ஆயினும் அச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. கற்பனை உலகத்தைப் படைப்போர், அதில் உண்மையான மனித முகங்களுக்கு இடமளிக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதே என் கருத்து. அழகிய முகங்கள் இருக்கட்டும். அவை மட்டுமே இருப்பதுதான் குறை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். ‘மலைகள் வானில் மிதக்கும் உலகில், முகம் மட்டும் ஏன் உண்மையாக இருக்க வேண்டும்? அன்றாட வாழ்விலிருந்து விடுபடத்தானே விளையாடுகிறோம்?’ என்பர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் கற்பனை என்பது விதியற்ற நிலை அன்று. நம் நாட்டுச் சிற்பிகள் முகத்தின் நீளத்தைத் ‘தாலம்’ என்னும் அளவாகக் கொண்டனர். ஒரு தாலத்தைப் பன்னிரண்டு அங்குலமாகப் பகுத்து, தெய்வத்திற்கு ஒரு தாலக் கணக்கும் குறுகிய உருவுடைய பூதகணத்திற்கு வேறொரு தாலக் கணக்கும் வகுத்தனர். கண்ணால் கண்டிராத உருவத்தைச் செதுக்கும்போதுதான் அளவு அவர்களுக்கு மிகுதியாகத் தேவைப்பட்டது. பூதகணத்தின் கன்னச் சதை உண்மைச் சதைபோல் மடிந்திருப்பதால்தான் அது நம்மைப் பார்த்துச் சிரிப்பதாக உணர்கிறோம். நம்ப இயலாத ஒன்றை நம்பச் செய்வதற்கு, நாம் நன்கு அறிந்த ஒன்று துணை நிற்க வேண்டும். மனிதர் மிக நன்றாக அறிந்த பொருள் மனித முகமே.

அவ்வறிவு எத்துணை நுட்பமானது என்பதை ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்று விளக்குகிறது. எந்திர மனிதன் மனிதனை ஒத்து வரவர நமக்கு அதன்மீது பற்று வளர்கிறது. ஆனால் ஏறத்தாழ மனிதனாகிவிட்ட நிலையில், சிறு பிழை ஒன்று எஞ்சியிருந்தால், அப்பற்று திடீரெனச் சரிந்து அருவருப்பாக மாறுகிறது. பார்ப்பதற்கு உண்மைக் கைபோன்ற செயற்கைக் கையைக் குலுக்கும்போது அதன் குளிர்ச்சி நம்மைத் திடுக்கிடச் செய்வதை அவர் எடுத்துக்காட்டினார். இச்சரிவை அவர் பள்ளத்தாக்கிற்கு ஒப்பிட்டார். உருவம் அசையும்போது இப்பள்ளம் மேலும் ஆழமாகும் என்பதும் அவர் கருத்து. கணினி விளையாட்டின் முகங்கள் பேசுகின்றன, சிரிக்கின்றன, அழுகின்றன. எனவே அவை இப்பள்ளத்தில் வீழும் வாய்ப்பு மிகுதி.

பாட்டியின் மூக்கை அகலப்படுத்தியபோது கன்னம் ஏன் மாறியது? இதற்கு விடை காண, முகத்தைக் கணினி எவ்வாறு ‘அறிகிறது’ என்பதைக் காண வேண்டும். வோல்கர் பிளான்ஸ், தாமஸ் வெட்டர் என்னும் இருவர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. அவர்கள் ஆண்கள் 100 பேர், பெண்கள் 100 பேர் எனப் 200 இளையோரின் தலைகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்தனர். அவற்றின் சராசரியைக் கணக்கிட்டு, ஒவ்வொரு முகமும் அச்சராசரியிலிருந்து எவ்வெவ்வாறு விலகுகிறது என்று அளந்தனர். அவ்விலகல்களைக் கூட்டியும் குறைத்தும் புதிய முகங்களைப் படைக்கலாம். இம்முறையில் உறுப்புகள் தனித்தனியே மாறுவதில்லை. பதிவான முகங்களில் எவை சேர்ந்து மாறினவோ, அவை சேர்ந்தே மாறும். முகம் இயல்பாக அமைய இது பெரிதும் உதவுகிறது.

ஆனால் இங்கேயே ஓர் எல்லையும் உள்ளது. எவருடைய முகங்கள் பதிவாயினவோ, அவர்களுடைய சராசரியே மையமாகிறது. அந்த 200 பேர் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். குழந்தைகளையும் முதியோரையும் பிற நிலத்து மக்களையும் சேர்த்துத் தொகுப்பை விரிவாக்க வேண்டும் என்று அவ்வாய்வாளர்களே எழுதினர். அறிஞர்க்குரிய நேர்மை அது. தொகுப்பில் இல்லாத முகம் திரையிலும் தோன்றாது என்பதே நாம் இதிலிருந்து பெறும் பாடம்.

2006இல் வெளிவந்த ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஒப்லிவியன்’ என்னும் விளையாட்டு, புள்ளியியல் வழியில் முகங்களை ஆக்கும் ‘ஃபேஸ்ஜென்’ என்னும் மென்பொருளைப் பயன்படுத்தியது. பத்து இனங்களுள் ஒன்றைத் தேர்ந்து, எண்ணற்ற முகங்களை அதில் படைக்க இயன்றது. அக்காலத்திற்கு அது பெருமுயற்சி. ஆயினும் அவ்வுலகின் மாந்தர் பலர் உருண்டை முகத்தினராய், ஒருவருக்கொருவர் உடன்பிறந்தார்போல் தோன்றினர் என்று விளையாடியோர் நகைத்தனர். எண்ணிக்கை மிகுந்தால் வேறுபாடு மிகும் என்று கருதுவது தவறு. சராசரியைச் சுற்றியே சுழலும் ஆயிரம் முகங்களைவிட, உற்று நோக்கி வடித்த பத்து முகங்கள் வளம் மிக்கவை.

சராசரியின் இயல்பு பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கிலேயர், குற்றவாளிகளின் நிழற்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார். குற்றத்திற்கென ஒரு முக அமைப்பு வெளிப்படும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கிடைத்ததோ, தனித்தனி முகங்களைவிட இனிமையான ஒரு முகம்! பலரைக் கலந்தபோது மருவும் தழும்பும் கோணலும் மறைந்துவிட்டன. அழகுடையதாயினும் அது எவருடைய முகமும் அன்று. நகர்பட்டைகள் அனைத்தையும் நடுவில் நிறுத்தும்போது நமக்குக் கிடைப்பதும் அத்தகைய முகமே.

அடுத்து, நிறத்தைப் பார்ப்போம். தோல் என்பது வண்ணம் பூசிய சுவர் அன்று. ஒளியின் ஒரு பகுதி தோலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. மற்றொரு பகுதி உள்ளே நுழைந்து, சிதறி, வேறிடத்தில் வெளிவருகிறது. கதிரவனை மறைத்து நிற்பவரின் காதுமடல் சிவந்து ஒளிர்வதற்கு இதுவே காரணம். கருமையான தோலில் ஒளி மின்னும் இடங்கள் தெளிவாகத் தெரியும். அதனுள் செம்மையும் பொன்மையும் கலந்திருக்கும். வெளிர்தோலுக்கென அமைத்த படத்தின்மேல் கருமையை மட்டும் ஏற்றினால் சாம்பல் நிறமே எஞ்சும். பாட்டியின் முகத்திற்கு நேர்ந்தது இதுவாகவே இருக்க வேண்டும்.

இப்பிழை விளையாட்டுகளுக்கு முன்பே தொடங்கியது. வண்ணப்படச் சுருளின் காலத்தில், நிறத்தைச் சரிபார்க்க அச்சகங்கள் நெடுங்காலம் வெள்ளையினப் பெண்ணின் படத்தையே அளவுகோலாகக் கொண்டன. தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்னும் மருத்துவர் 1975இல் வகுத்த தோல்வகைப் பட்டியலில், முதலில் வெள்ளைத் தோலின் வகைகளே இடம்பெற்றன. பழுப்பும் கருமையும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. 2022இல் எல்லிஸ் மங்க் என்னும் சமூகவியலாளரின் பெயரால் வெளியான அளவுகோல் பத்து நிறங்களைக் காட்டுகிறது. அளவுகோல் மாறும்போதுதான் ‘இயல்பு’ என்னும் சொல்லின் பொருளும் விரிகிறது.

முகத்தைப் பற்றிய தவறான எண்ணம் அழகோடு நின்றுவிடுவதில்லை, அறத்தையும் தொடுகிறது. தழும்பும் கோணலும் உடையவர் தீயவர், மாசற்ற முகத்தினர் நல்லவர் என்று கதைகள் நெடுங்காலமாகக் கற்பித்து வந்துள்ளன. இதனை எதிர்த்து, பிரிட்டனின் ‘சேஞ்சிங் ஃபேசஸ்’ என்னும் தொண்டு நிறுவனம் 2018இல் ஓர் இயக்கம் நடத்தியது. முகத்தில் தழும்புடையோர், ‘நாங்கள் உங்கள் கதையின் வில்லன்கள் அல்லர்’ என்னும் கருத்தை முன்வைத்தனர். தீக்காயம் பட்ட மாணவன் ஒருவன் நம் வகுப்பில் இருக்கலாம். விளையாட்டில் தன்னைப் போன்றோரைப் பகைவர் கூட்டத்தில் மட்டுமே அவன் காண்பானாயின், அதனை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் தள்ளிவிட இயலுமா?

நம்பிக்கையூட்டும் மாற்றங்களும் நிகழ்கின்றன. 2023இல் வெளியான ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டில் முகத்தின் ஒவ்வொரு உறுப்பையும் நகர்த்தும் பட்டைகள் இல்லை. வடித்து வைத்த முகங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயினும் முதுமையின் அடையாளங்கள், தோலில் தெறித்த சிறு புள்ளிகள், வெண்புள்ளிகள், தழும்புகள் ஆகியவற்றை நாயகனுக்கும் நாயகிக்கும் வழங்கலாம். வெண்புள்ளி உடைய ஒருவர் அங்கே உலகைக் காக்கும் வீரராகலாம். இது சிறிய செயலாகத் தோன்றலாம். அதனை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்க்குச் சிறியதன்று.

ஆகவே படைப்பாளர்களிடம் நாம் வேண்டுவன சில. இரு கண்களையும் தனித்தனியே அமைக்க வழி தாருங்கள்; முழுச் சமச்சீருடைய முகம் உலகில் அரிது. முதுமையைக் கோடுகளால் மட்டும் காட்டாதீர்கள்; இமை தளர்வதும், கன்னம் குழிவதும், தாடையின் வரை நெகிழ்வதும் சேர்ந்ததே முதுமை. முகத்தைப் படைக்கும் திரையில் ஒரே மங்கலான ஒளியை வைக்காமல், வெயிலிலும் நிழலிலும் விளக்கொளியிலும் பார்க்க வாய்ப்பளியுங்கள். திரையில் அழகாய் இருந்த முகம், ஆட்டத்தின் வெயிலில் அயலாராய்த் தோன்றுவது பலர் அறிந்த துன்பம். எல்லாவற்றிற்கும் மேலாக, உங்கள் தொகுப்பில் எவருடைய முகங்கள் இல்லை என்று எண்ணிப் பாருங்கள்.

மாணவர்களே, உங்களிடமும் ஒன்று கூற விரும்புகிறேன். நாளை இத்தகைய முகங்களை ஆக்குவோர் உங்களுள் சிலராக இருக்கலாம். அதற்கான பயிற்சியை இன்றே தொடங்கலாம்; விலையுயர்ந்த கணினி வேண்டுவதில்லை. முகம் வரையத் தொடங்குவோர் பலரும் கண்களை நெற்றிக்கு அருகே வைத்துவிடுகின்றனர். உண்மையில் அவை உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழ நடுவில் உள்ளன. நாம் முகத்தைக் காண்பதாக எண்ணிக்கொண்டு, காணாமலேயே வாழ்கிறோம் என்பதற்கு இது சான்று. இந்தியாவின் பல மாநிலத்துப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்திருக்கும் வகுப்பறை உங்களுடையது. லடாக்கின் கன்னமும், நாகாலாந்தின் இமையும், கேரளத்தின் புருவமும் ஒரே வரிசையில் இருக்கும் இடம் அது. அவற்றை உற்று நோக்குங்கள். ஆனால் எவரையும் கூசச் செய்யாமல் நோக்குங்கள்.

என் அண்ணன் மகள் விடுமுறையின் எஞ்சிய நாள்களில் பழைய நிழற்படங்களை எடுத்துவைத்து, பாட்டியின் முகத்தைத் தாளில் வரையத் தொடங்கினாள். ஏழாவது படத்தில்தான் இடக்கண் சரியாக அமைந்தது. அதைக் கண்ட என் அண்ணன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “அம்மா சிரிக்கப் போகிறபோது இப்படித்தான் பார்ப்பார்கள்” என்றார். சிறிய கண் குறையன்று. அவரை அவராகக் காட்டியதே அதுதான். கற்பனை உலகத்தைப் படைப்போர் அந்தக் கண்ணுக்கு ஓர் இடம் தர வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

தாலம் – சிற்பக்கலையில் முகத்தின் நீளத்தைக் குறிக்கும் அளவு
பூதகணம் – சிவனைச் சூழ்ந்திருப்பதாகக் கூறப்படும் குறு உருவினர்
சமச்சீர் – இருபுறமும் ஒத்திருத்தல்
மோவாய் – கீழ்த்தாடையின் முனை

சிந்தித்து விடை எழுதுக

1. ‘பறவைநாகத்துக்கு இடம் இருக்கிறது; பாட்டிக்குத்தான் இல்லை’ – இக்கூற்றின் உட்பொருளை விளக்குக.
2. கற்பனை உலகிற்கு உண்மை முகம் தேவையில்லை என்னும் மறுப்பை ஆசிரியர் எவ்வாறு எதிர்கொள்கிறார்? அவர் விடை உங்களுக்கு உடன்பாடா? காரணம் தருக.
3. கால்டனின் முயற்சி எதிர்பாராத முடிவைத் தந்தது ஏன்?
4. நீங்கள் நன்கு அறிந்த ஒருவரின் முகத்தை, பெயர் கூறாமல், பத்து வரிகளில் விவரித்து எழுதுக.