வெயிலால் நேரும் மவ்த்துகள் ஏன் கணக்கில் வருவதில்லை?

2024 ஜூனில் ஹஜ் நடந்தபோது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் மவ்த்தானதாக சவூதி அரசு அறிவித்தது. இவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதியின்றி வந்து, நிழலில்லாமல் நெடுந்தூரம் நடந்தவர்கள். இந்தியர்கள் 98 பேர் என்று நமது வெளியுறவு அமைச்சகம் சொன்னது. பெரும்பாலும் இயற்கைக் காரணங்கள், நாள்பட்ட நோய், முதுமை என்பதே அது தந்த விளக்கம்.

அந்த விளக்கம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் வெயில் தனியாக வந்து கொல்வது குறைவு. இதய நோயாளியின் இதயத்தை, சிறுநீரக நோயாளியின் சிறுநீரகத்தைத்தான் அது முதலில் பிடிக்கிறது. பதிவேட்டில் நோயின் பெயர் ஏறும், வெயிலின் பெயர் ஏறாது.

மக்காவை விடுங்கள், நம் அருமனைக்கு வருவோம். ரப்பரும் மலையும் சூழ்ந்த ஊர், இங்கே என்ன வெயில் என்று கேட்கலாம். வெப்ப அலை என்று அறிவிக்க வானிலைத் துறை வைத்திருக்கும் அளவு சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37. குமரி மாவட்டத்தில் வெப்பமானி அதுவரை ஏறுவது அரிது. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. பால்வெட்டுபவர் விடியலிலேயே தோட்டத்துக்குப் போய்விடுகிறார். கான்கிரீட் போடும் கையாளுக்கு அந்த வசதி இல்லை. வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குக் கோடையில் மதிய வேளையில் திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, 12 மணியிலிருந்து 3 மணி வரை. அவர்கள் அனுப்பும் பணத்தில் இங்கே வீடு கட்டும் நாம், நம் வேலையாட்களை அந்த நேரத்தில் உட்கார வைக்கிறோமா? கடும் வெப்பத்தில் ளுஹரையே சற்றுத் தாமதித்துத் தொழச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இங்கேதான் நம் சமுதாயத்தில் ஒரு சிக்கல். ஜனாஸாவைத் தாமதப்படுத்தக் கூடாது என்பது சரியானதே. அந்த அவசரத்தில் மருத்துவரை அழைக்காமலே அடக்கம் முடிந்துவிடுகிறது. பிரேதப் பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டாலே குடும்பம் பதறுகிறது. தேவை ஏற்படும்போது அதற்கு அனுமதியுண்டு என்று தீர்ப்பளித்த உலமாக்கள் பலர் உண்டு. குறைந்தபட்சம், வெயிலில் வேலை செய்தவர் சுருண்டு விழுந்து மவ்த்தானால், குளிப்பாட்டும் முன்பே மருத்துவர் வந்து உடல் வெப்பத்தைக் குறிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிய பிறகு அந்தச் சான்று போய்விடும். யதீம்களுக்குச் சேரவேண்டிய ஹக் சில வேளை அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

தொழிற்சாலைகள் தோன்றுவதற்கு முந்தைய காலத்தைவிட ஒன்றரை டிகிரிக்கும் மேல் உலகம் சூடான முதல் ஆண்டு 2024 என்கிறது உலக வானிலை அமைப்பு. இனி வரும் ஆண்டுகளில் ஹஜ் வசந்தத்துக்கும் குளிர்காலத்துக்கும் நகரும். 2050 வாக்கில் மீண்டும் ஆகஸ்டு வெயிலுக்குள் வந்துவிடும். இன்று கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் அப்போது ஹஜ்ஜுக்குப் புறப்படும் வயதில் இருப்பார்கள்.

அதுவரை காத்திராமல், ஜமாஅத்தின் மவ்த் பதிவேட்டில், கடைசியாக எங்கே, எந்த நேரத்தில், என்ன வேலையில் இருந்தார் என்று ஒரு கட்டத்தை இந்தக் கோடையிலேயே சேர்க்கலாம்.