வீட்டு மருந்துப் பெட்டி

நம்மவர் இல்லங்களில் அஞ்சறைப் பெட்டிக்கு உள்ள ஒழுங்கு மருந்துப் பெட்டிக்கு இல்லை. மிளகு இருக்குமிடத்தில் கடுகு இராது. ஆனால் தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரையும், பேரனின் இருமல் மருந்தும், எவருக்கு எப்பொழுது வாங்கியதென்று யாருமறியாத களிம்பும் ஒரே தகரப் பெட்டியில் கூடிக் கிடக்கும். இஃது அற்ப விஷயமென்று எண்ணுவோர் பலர். அற்பமன்று என்பதே நமது அபிப்பிராயம்.

2025-ஆம் வருஷம் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா ஜில்லாவில் கோல்ட்ரிப் என்னும் இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் பலர் சிறுநீரகம் கெட்டு மாண்டனர். அது நமது காஞ்சீபுரம் ஜில்லாவில் செய்யப்பட்ட சரக்கு. டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு அதில் 48.6 சதவீதம் இருக்கத் தமிழ்நாட்டுச் சோதனைச்சாலை கண்டது. எஸ்.ஆர்.-13 என்ற தொகுதியே குற்றமுள்ளதென்று அறிவிக்கப்பட்டது. அப்புட்டியின் காலாவதியோ 2027! ஆகையால் தேதியை மட்டும் பார்ப்பது போதாது. பெயர், தேதி, தொகுதி எண் ஆகிய மூன்றும் உள்ள மேலொட்டே மருந்தின் ஜாதகம். அதை இழந்த புட்டியை வைத்திருப்பவர் எச்சரிக்கையைப் படித்தும் பயன் யாது?

இங்கே ஏழைகளின் குறை ஒன்றுண்டு. பத்து மாத்திரையுள்ள பட்டையைக் கத்தரித்து நான்கு வாங்குவோருக்குத் தேதியும் எண்ணும் கிடைப்பதில்லை. அவை கடையிலேயே நின்றுவிடுகின்றன. முழுப் பட்டை வாங்கப் பணமுள்ளவருக்கு மட்டுமா ஜாதகம்? மருந்துக் கடைக்காரர் உறையின்மேல் அவற்றை எழுதித் தரவேண்டும். ஜனங்களும் கேட்டு வாங்கவேண்டும்.

மணப்பட்டு போன்ற கடலோரச் சிற்றூர்களில் ஈரக் காற்று மாத்திரைக்குப் பகை. அடுப்பங்கரையும் குளியலறையும் ஆகா. உலர்ந்த, வெயில் படாத, குழந்தைகளுக்கு எட்டாத உயரமே தக்க இடம். இன்சுலின் மாத்திரம் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி வரையுள்ள சூட்டில் இருக்கவேண்டும், உறையலாகாது.

ஆறு மாதத்திற்கொரு முறை பெட்டியைப் பாயில் கவிழ்த்துப் பிரித்தல் நன்று. மேலொட்டு இல்லாதவை, காலம் கடந்தவை, நிறமும் மணமும் மாறியவை விலகட்டும். நீர் கலந்த குழந்தை மருந்து பெரும்பாலும் ஒரு வாரமே நிற்கும். திறந்த கண் மருந்து ஒரு மாதமே. சிவப்புக் கோடிட்ட பட்டைகள் வைத்தியர் சொல்லின்றித் தொடத் தகாதவை. ஒருவருக்கு மிஞ்சிய கிருமிநாசினி மாத்திரையை மற்றொருவர் காய்ச்சலுக்குக் கொடுப்பதால் கிருமிகளே பலம் பெறுகின்றன.

விலக்கியதை எங்கே போடுவது? நெல் விளையும் பாகூர்ப் பிரதேசத்தில் மருந்தை ஏரியிலும் வாய்க்காலிலும் எறிவது நமது சோற்றிலேயே எறிவதாகும். மாடுகளுக்குக் கொடுத்த டைக்லோபினாக் என்னும் ஒரே மருந்தால் இந்தியாவின் கழுகுக் கூட்டம் அநேகமாய் அழிந்தது. காரணம் 2004-இல் வெளிப்பட்டது. கால்நடைக்கு அம்மருந்து 2006-இல் தடுக்கப்பட்டது. ஔஷதத்தின் வலிமைக்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

1954 வரை நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர் தம் தேசத்தில் 1993 முதல் சிக்லமெட் என்னும் ஸ்தாபனத்தின் மூலம் மிஞ்சிய மருந்துகளைக் கடைகளிலேயே திரும்பப் பெறுகின்றனர். அண்டையிலுள்ள கேரளமும் 2025-இல் கோழிக்கோட்டில் இத்தகைய சேகரிப்பைத் தொடங்கிற்று. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு ஸ்தாபனமும் அவ்வருஷமே இதற்கு வழிகாட்டிக் குறிப்பை வெளியிட்டது. அக்குறிப்பு, பிறர் கைப்பட்டால் உயிருக்கே அபாயமான பதினேழு மருந்துகளை மட்டும் கழிவறையில் கொட்டி நீர் ஊற்றச் சொல்கிறது. மற்றவற்றுக்குச் சேகரிப்பே வழி.

ஆதலால் நாம் கோருவது இதுவே. கொம்யூன் தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பூட்டிய சேகரிப்புப் பெட்டி ஒன்றைப் புதுவை சர்க்கார் வைக்கட்டும். கிராமத்து வாலிபர் சங்கங்கள் வீடு வீடாய்ச் சென்று, எழுத்தறியாத முதியோருக்கு மேலொட்டைப் படித்துச் சொல்லட்டும். மேடைப் பிரசங்கம் பத்தைக் காட்டிலும் இவ்வூழியம் ஒன்று மேலானது. ஆரோக்கியமில்லாத வீடுகளைக் கொண்டு வலிமையுள்ள தேசத்தைக் கட்ட முடியாது.