மழை நாளில் திறந்த மூடி

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மாலை எங்கள் தெருவில் முழங்கால் அளவு மழை ஜலம் நின்றது. பருவ மழை வலுத்தால் அப்படி நிற்பது வழக்கந்தான். ஆனால் அன்று தெருப் பெரியவர்கள் கூடி ஆலோசித்தார்கள். ஆலோசனையின் முடிவாக எதிர் வீட்டுப் பென்ஷன்தாரர் ஒரு கடப்பாரையைக் கொண்டு வந்தார். நடுத்தெருவில் இருந்த பாதாளச் சாக்கடையின் மூடியை நெம்பி ஒரு பக்கமாகத் தள்ளினோம். "தள்ளினோம்" என்று நான் எழுதியதை நேயர்கள் கவனித்திருக்கலாம். குடை பிடித்துக்கொண்டு வழி சொன்னவன் நானே. ஜலம் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கிற்று. அரை மணி நேரத்தில் தெரு கண்ணுக்குத் தெரிந்தது. பெரிய காரியம் சாதித்துவிட்டவர்களைப் போல் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு வீடு திரும்பினோம்.

விடியற்காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். தெருக் கோடியில் பள்ளத்தில் இருக்கும் கடைசி வீட்டு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேற்பட்டவர், தனியாக வசிப்பவர். இரவு முழுவதும் அவர் வீட்டுக் கக்கூஸிலும் ஸ்நான அறையிலும் அசுத்த ஜலம் பொங்கிக் கூடத்தைத் தாண்டிப் பூஜை அலமாரி வரையில் வந்துவிட்டதாம். "எந்தப் பாவி என்ன செய்தானோ, தம்பி!" என்றார். அந்தப் பாவிகளில் ஒருவன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

"பாதாளம்" என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றிவிடுகிறது. எவ்வளவு கொட்டினாலும் வாங்கிக்கொள்ளும் அடியற்ற லோகம் ஒன்று தெருவுக்குக் கீழே இருப்பதாக எண்ணிவிடுகிறோம். உண்மையில் எங்கள் தெருவுக்கு அடியில் இருப்பது ஒரு சாண் விட்டமுள்ள குழாய். அதில் ஜலத்தைத் தள்ளுவதற்கு யந்திரம் ஒன்றும் கிடையாது. சரிவு ஒன்றுதான் உண்டு. விநாடிக்குச் சுமார் 2 அடி வேகத்தில் ஓடினால் கசடுகளைத் தானே அடித்துக்கொண்டு போகும். வேகம் குறைந்தால் மணல் படியும். படிந்த மணலின் மேல் துணியும் நாரும் சிக்கும். அதனால் எஞ்சினீயர்கள் சரிவையும் விட்டத்தையும் கணக்குப் பார்த்துப் போடுகிறார்கள். பிற்காலத்தில் ஜனத்தொகை பெருகி மிக அதிகமான ஜலம் வரும் வேளையிலுங்கூடக் குழாயில் ஐந்தில் நான்கு பாகந்தான் நிரம்ப வேண்டும் என்பது அவர்கள் விதி. அந்தக் கணக்கில் மழை ஜலத்துக்கு இடம் இல்லை. அதற்குத் தனிக் கால்வாய்.

நான் கணக்கு வாத்தியார். ஆகையால் அடுத்த திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் இதையே கணக்காகப் போட்டேன். நகரங்களில் தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் ஜலம் என்பது இந்தியாவில் திட்டமிடுவோர் வைத்துக்கொள்ளும் அளவு. அதில் நூற்றுக்கு 80 பங்கு சாக்கடைக்கு வரும் என்பார்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரு நாளில் அனுப்புவது 540 லிட்டர். இனி, 1,000 சதுர அடி மொட்டை மாடியின் மேல் ஒரு அங்குலம் மழை பெய்தால் எவ்வளவு? ஏறக்குறைய 2,360 லிட்டர். அதாவது, நாலு நாளுக்கு மேற்பட்ட சாக்கடை ஜலத்துக்குச் சமமானதை ஒரே மாடி ஒரே மணி நேரத்தில் கொட்டிவிடும். இது மாடியின் கணக்கு. தெரு முழுவதும் நின்ற ஜலத்தையல்லவா நாங்கள் ஒரு துவாரத்தில் விட்டோம்? குழாய் நிரம்பித் ததும்பியதும், மேட்டிலுள்ள குழிகளில் ஜலம் உயர்ந்து நின்றது. ஜலம் தன் மட்டத்தைத் தேடும் என்பது சிறு பையனுக்கும் தெரியும். தேடிக்கொண்டு அந்த அம்மாள் வீட்டில் வெளியே வந்தது.

லண்டன்வாசிகள் இதே பாடத்தைப் பிரம்மாண்டமான அளவில் படித்தார்கள். 1858-ஆம் வருஷக் கோடையில் தேம்ஸ் நதியே சாக்கடையாகி நாறிற்று. பார்லிமெண்ட் மண்டபத்தின் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் தோய்த்துத் தொங்கவிட்டும் அங்கத்தினர்களால் உட்கார முடியவில்லை. தங்கள் மூக்கில் பட்டதும் பதினெட்டே நாளில் சட்டம் செய்துவிட்டார்கள்! ஜோஸப் பாஸல்ஜெட் என்ற எஞ்சினீயர் 82 மைல் நீளத்துக்குச் செங்கல் சுரங்கங்கள் கட்டி, நகரத்துக் கழிவை நதிக்குப் போகவிடாமல் வழிமறித்துக் கிழக்கே கொண்டுபோனார். 1866-ல் மறுபடியும் காலரா வந்தபோது, அவருடைய வேலை பூர்த்தியாகாத கிழக்குப் பகுதியில்தான் ஐயாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்குப் பிறகு அந்நகரில் காலரா தலைதூக்கவேயில்லை.

இவ்வளவு பெரிய வேலையிலும் ஒரு சங்கடம் இருந்தது. லண்டனில் மழை ஜலத்துக்கும் கழிவுக்கும் ஒரே வழி. பெருமழையில் சுரங்கம் நிரம்பினால், வீடுகளில் பொங்காமல் இருக்கும் பொருட்டு நதியில் வழிந்துவிடும்படி வாய்க்கால் வைத்தார்கள். ஊர் பெருத்து, மண் தரையெல்லாம் கல்லும் தாருமான பிறகு, சிறு மழைக்கே வழிய ஆரம்பித்தது. அதைப் பிடித்து நிறுத்துவதற்காக 25 கிலோமீட்டர் நீளமும் 7.2 மீட்டர் விட்டமும் உள்ள புதுச் சுரங்கம் ஒன்றைத் தேம்ஸ் நதியை ஒட்டித் தோண்ட வேண்டி வந்தது. 2025-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில்தான் அது முழுவதும் இணைக்கப்பட்டது. மழையையும் கழிவையும் ஒன்றாய்ச் சேர்த்ததற்கு அந்த நகரம் கொடுத்த விலை இது. நம் பக்கத்து எஞ்சினீயர்கள் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கட்டித் தருகிறார்கள். நாம் ஒரு கடப்பாரையால் அரை மணியில் சேர்த்துவிடுகிறோம். சென்னையில் மழைக்காலந்தோறும் "சாக்கடை மூடியைத் திறக்காதீர்கள்" என்று அதிகாரிகள் வேண்டிக்கொள்வதை நானும் பத்திரிகையில் படித்தவன்தான். அது யாருக்கோ சொன்னது என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

நிற்க. எங்கள் தெரு அடைப்பை நீக்க நாலாவது நாள் இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் முதலில் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்துக்கொண்டே பள்ளத்தை நோக்கி நடந்தார். "என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன். "இந்தக் குழி ரொம்பிக் கிடக்குது சார்; அடுத்தது காலியா இருக்குது. ரெண்டுக்கும் நடுவிலேதான் அடைப்பு" என்றார். ஜியாமிதி நிரூபணத்தைப் போல் இருந்தது. காலியான குழிப் பக்கத்திலிருந்து நீண்ட மூங்கில் பிளாச்சைச் செலுத்திக் குத்திக் குத்தி இழுத்தார்கள். வந்தவை: இரண்டு கூடை மணல் (எங்கள் தெரு மணல்), பால் பாக்கெட்டுகள், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், தலைமயிர், ஸ்திரீகளும் குழந்தைகளும் உபயோகித்து எறியும் பஞ்சுத் துணிகள். இவற்றையெல்லாம் இறுகப் பற்றிக்கொண்டிருந்தது மெழுகு போன்ற ஒரு வெள்ளைக் கட்டி.

அந்தக் கட்டி நம் சமையலறையிலிருந்து போனது. வடை சுட்ட எண்ணெயை வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டால் போய்விட்டது என்று நினைக்கிறோம். நாலு வீடு தாண்டியதும் சூடு ஆறி அது குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. எண்ணெயின் கொழுப்பமிலமும் சிமெண்டிலிருந்து கரையும் சுண்ணாம்புச் சத்தும் கூடி ஒருவிதச் சோப்பாய் உறைந்து கல்லாகிவிடும். 2017-ல் லண்டனில் வைட்சாபல் என்ற இடத்தில் கண்டுபிடித்த இப்படிப்பட்ட கட்டி ஒன்று 250 மீட்டர் நீளம், 130 டன் எடை! அதைப் பெயர்த்து எடுக்க இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்தது. ஒரு துண்டை மறு வருஷம் பொருட்காட்சிசாலையில் வைத்தார்கள். ஜனங்கள் போய்ப் பார்த்தார்களாம். எங்கள் தெருக் கட்டியைப் பார்க்க யாரும் வரவில்லை. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள்.

மூங்கிலுக்கு அசையாத பாகம் கொஞ்சம் இருந்தது. மேஸ்திரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, "யாராவது இறங்கி ஒரு மிதி மிதித்தால் போயிடும்" என்றார். இளையவர் சட்டையைக் கழற்றத் தொடங்கினார். மூத்தவர் அவர் தோளைப் பற்றி நிறுத்தி, "வண்டி வரட்டும்" என்று மட்டும் சொன்னார். பிறகுதான் என்னிடம் சொன்னார்: அவருடைய மைத்துனர் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தொட்டியில் இறங்கியவர் ஏறி வரவில்லை.

தேங்கின சாக்கடையில் உண்டாகும் ஹைட்ரஜன் ஸல்பைடு என்ற விஷவாயு கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டையைப் போல் நாறும். அதிகமாக இருந்தாலோ முதலில் மூக்கின் வாசனை அறியும் சக்தியையே கொன்றுவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று மனிதன் எண்ணும் தருணத்திலேயே நினைவு தப்பிவிடும். தூக்கப் போனவரும் விழுவார். 2013-ஆம் வருஷச் சட்டம் பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஆளைச் சாக்கடையில் இறக்குவதைக் குற்றமாக்கிற்று. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லக்ஷம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் கூறியது. 2023-ல் அதை 30 லக்ஷமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டியிருந்தது என்றால், சாவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்? எந்த ஜாதியாரை நாம் இந்தக் குழிகளில் இறக்கி வந்திருக்கிறோம் என்பதை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

2023-ஆம் வருஷ மத்திய சர்க்கார் பட்ஜெட்டில், ஆள் இறங்கும் குழி இனி யந்திரம் இறங்கும் குழியாக வேண்டும் என்றார்கள். திருவனந்தபுரத்து இளைஞர்கள் 2018-லேயே அத்தகைய யந்திரம் ஒன்றைச் செய்து "பாண்டிகூட்" என்று பெயரிட்டார்கள். அதாவது பெருச்சாளி; தெலுங்கிலிருந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தை. பொருத்தமான பெயர்தான்.

யந்திரம் வாங்குவதில் முனிசிபாலிடியின் கடமை தீர்ந்துவிடாது. பொங்கிய பிறகு ஓடி வருவது வைத்தியமே தவிரப் பராமரிப்பு அல்ல. எந்தக் குழாய் எங்கே போகிறது என்ற படம் வேண்டும். எந்த இடம் அடிக்கடி அடைக்கிறது என்று குறித்து வைத்து, மழைக்கு முன் அந்த இடங்களை முறை போட்டுக் கழுவ வேண்டும். பம்பு நிலையங்களில் மாற்றுப் பம்பும் மின்சாரம் நின்றால் ஓட்ட ஜெனரேட்டரும் தயாராக இருக்க வேண்டும். பம்பு நின்றால் அதற்கு மேலுள்ள தெருக்களெல்லாம் நிரம்பும். ஹோட்டல்கள் எண்ணெய் வடிகட்டும் தொட்டி வைத்திருக்கின்றனவா என்று எட்டிப் பார்க்க வேண்டும். இவை ஒன்றும் திறப்பு விழாவுக்கு உகந்த காரியங்கள் அல்ல. அதனாலேயே தள்ளிப் போகின்றன.

அன்று மாலை ஜெட்டிங் லாரி வந்தது. அழுத்தமாகப் பீச்சிய ஜலத்தில் கட்டி உடைந்தது. யாரும் இறங்கவில்லை.

கரும்பலகைக் கணக்கைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? கணக்கு முடிந்ததும் கடைசிப் பெஞ்சுப் பையன் எழுந்து, "சார், உங்க வீட்டு மொட்டை மாடித் தண்ணி எங்கே போகுது?" என்று கேட்டான். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டின் பின்புறம் போய்ப் பார்த்தேன். மாடிக் குழாய் நேராக இறங்கி, கக்கூஸ் குழாயோடு அழகாக இணைந்திருந்தது. வீடு கட்டியபோது கொத்தனார் செய்தது. பன்னிரண்டு வருஷமாக நான் கவனிக்காதது. தமிழ் நாட்டில் 2003 முதல் வீட்டுக்கு வீடு மழை ஜலம் சேமிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. என் வீட்டில் அதற்குரிய குழியும் கூட இருந்தது, காய்ந்துபோன இலைகளோடு. மறுநாளே குழாயை அறுத்துக் குழிப் பக்கம் திருப்பச் செய்தேன். அரை நாள் வேலை.

கடைசி வீட்டு அம்மாளிடம் மூடியைத் திறந்தது யார் என்று இன்னும் சொல்லவில்லை. இந்த ஐப்பசிக்குள் சொல்லிவிட வேண்டும். பென்ஷன்தாரரின் கடப்பாரை என் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறது. இரவல் வாங்கி வந்தேன், திருப்பிக் கொடுக்கவில்லை.