கலர் அடிச்சா மண்டையில ஏறுமா?

அப்சிடியனில் குறிப்பெடுக்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி: "ஹைலைட் மஞ்சளாத்தான் வருமா? வேற கலர் வைக்க முடியாதா?" தாராளமா முடியும். ஆனா எந்த வழியில் வைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கு.

ஒரு வரிக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு சமக்குறி (==) போட்டால் அப்சிடியனில் அது ஹைலைட். கவனிச்சுப் பாருங்க, கோப்பில் கலர் எதுவும் பதிவாகவில்லை. 'இது முக்கியம்' என்ற அடையாளம் மட்டும்தான் இருக்கு. அதை எந்தக் கலரில் காட்டுவது என்பதை சின்னதாக ஒரு சிஎஸ்எஸ் துணுக்கு எழுதி மாற்றிக்கொள்ளலாம். வெளிர் தீமுக்கு ஒரு கலர், கறுப்பு தீமுக்கு வேறொரு கலர் என்றும் வைக்கலாம்.

இன்னொரு வழி, ஒவ்வொரு வரியிலும் எச்டிஎம்எல் போட்டுக் கலரை அங்கேயே எழுதிவிடுவது. என் ஓட்டு இதற்குக் கிடையாது. நாளைக்கே மஞ்சள் பிடிக்காமல் இளநீலம் வேண்டும் என்றால்? நூறு கோப்பைத் திறந்து திருத்த வேண்டியதுதான் :-)

அதைவிட முக்கியம், நம் குறிப்பு நம்மோடு நிற்பதில்லை. பரீட்சைக்கு முதல் நாள் அது ஜெராக்ஸ் கடைக்குப் போகும். அங்கே ஐந்து கலரும் ஒரே சாம்பல்தான். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத நண்பன் கையில் கிடைத்தாலும் அதே கதி. 'சிவப்பு என்றால் புரியாதது, பச்சை என்றால் படித்தது' என்ற நம் ரகசியம் அவனுக்கு உதவாது. அதனால் கலர் இரண்டு போதும் என்பேன். ஒன்று சாதா ஹைலைட். இன்னொன்று ஹைலைட்டுக்குள் தடித்த எழுத்து. தடித்ததற்கு வேறு கலர் காட்டும்படி அதே துணுக்கில் சொல்லிவிடலாம். கலர் போனாலும் தடிமன் நிற்கும்.

கடைசியாக ஒரு கசப்பான உண்மை. 2013-ல் ஜான் டன்லாஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு முறைகளை அலசினார்கள். ஹைலைட் செய்வதற்குக் 'குறைந்த பயன்' என்ற மதிப்பீடுதான் கிடைத்தது. தன்னைத்தானே கேள்வி கேட்டுப் பார்ப்பதும், இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதும் முதல் வரிசையில் வந்தன.

அதற்காகக் கலரே வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணுக்கு இதமாக ஒரு கலரை அரைமணி நேரத்தில் அமைத்துவிட்டு மூடிவிடுங்கள். மிச்ச நேரத்தில், ஹைலைட் செய்த வரியைப் பார்க்காமல் சொல்ல வருதா என்று பாருங்கள். வராத வரிக்கு எந்தக் கலர் அடித்து என்ன பயன்?