தறியருகே நிற்பதும் திரையருகே நிற்பதும்

நாராயணவனத்தின் நெசவாளர் தெருக்களில் வளர்ந்த பிள்ளைக்குச் சேலை என்பது கடையில் மடித்து அடுக்கப்பட்ட துணி மட்டுமன்று. பாவு நீட்டப்படுவதையும், நாடா இப்புறமும் அப்புறமும் ஓடி ஊடையைச் சேர்ப்பதையும், அறுந்த இழையைக் கண்டதும் தறி நிற்பதையும் அப்பிள்ளை பார்த்திருக்கும். ஒரு சேலைக்குள் எத்தனை நாள் இருக்கிறது என்பது கடையில் விலை கேட்பவரைவிட அப்பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

திரைப்படத்தைப் பொறுத்தவரை, பார்ப்பவர் எல்லாருமே கடையில் விலை கேட்பவர்தாம். முடிந்த துணி கையில் கிடைக்கிறது. தறி கண்ணில் படுவதில்லை. அந்தத் தறியருகே சிறிது நேரம் நிற்க இடம் தருவதற்காக வந்தவையே, டிவிடி குறுந்தகடுகளில் ‘சிறப்புப் பகுதிகள்’ என்னும் பெயரோடு சேர்க்கப்படும் கூடுதல் காட்சிகளும் பேச்சுகளும். அவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா, கொடுத்து வாங்கினால் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டுமா என்பது பல வீடுகளில் எழுந்த கேள்வி. டிவிடி விற்கும் கடைகள் அருகிவிட்ட இக்காலத்திலும் அக்கேள்வி முடிந்துவிடவில்லை. பழைய குறுந்தகடுகள் இன்னும் கைமாறுகின்றன. அலமாரியில் பிரிக்கப்படாமல் கிடப்பவையும் உண்டு.

இவ்வழக்கம் டிவிடிக்கும் முந்தியது. 1984ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் ‘கிங் காங்’ என்னும் 1933ஆம் ஆண்டுத் திரைப்படத்தை லேசர் வட்டில் வெளியிட்டது. அதில் ஒலிக்காக இருந்த மற்றொரு தடத்தில், ரொனால்டு ஹேவர் என்னும் திரைப்பட அறிஞர், படம் ஓட ஓட அது உருவான கதையைப் பேசிக்கொண்டே வந்தார். பார்ப்பவர் விரும்பினால் படத்தின் ஒலியைக் கேட்கலாம். விரும்பினால் ஹேவரின் பேச்சைக் கேட்கலாம். விளக்கவுரைத் தடம் என்பது அங்கிருந்து தொடங்கியது. 1996ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தபின் இவ்வழக்கம் பெருகியது. 2002இல் வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதற்பாகத்தின் நீட்டிக்கப்பட்ட பதிப்பில் 4 குறுந்தகடுகள் இருந்தன; படம் இரண்டில் முடிந்தது, மற்ற இரண்டும் படம் உருவான வரலாறு.

தமிழ் வீடுகளின் அனுபவம் வேறு. இங்கு முதலில் பரவியது விசிடி. ஒரு விசிடியில் 74 அல்லது 80 நிமிடந்தான் அடங்கும்; ஆகவே ஒரு தமிழ்ப் படத்திற்கு இரண்டோ மூன்றோ வேண்டும். நாயகன் மலையுச்சியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அப்பா எழுந்து சென்று அடுத்த வட்டை மாற்றுவார். அதில் கூடுதல் பகுதிக்கு இடம் எங்கே? பின்னர், 2007ஆம் ஆண்டளவில், மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. அந்த விலை பெரிய மாற்றத்தை ஏற்படுத்தியது. திருட்டுப் பிரதி வாங்கி வந்த குடும்பங்கள் முறையான பிரதியை வாங்கத் தொடங்கின. ஆயினும் 34 ரூபாய்க்குப் படம் மட்டுமே தர முடியும். அதே காலத்தில் ஒரே வட்டில் மூன்று படங்களைத் திணித்து விற்பதும் பெருகியது. வாங்குபவரும் எண்ணிக்கையைத்தான் பார்த்தார். இவ்வாறு, சிறப்புப் பகுதி என்றால் என்னவென்றே அறியாமல் ஒரு தலைமுறை டிவிடி பார்த்து முடித்துவிட்டது.

இடம் பற்றிய கணக்கை இங்கே சற்று நின்று பார்ப்பது நல்லது. வாங்கலாமா வேண்டாமா என்னும் கேள்வியில் பாதி அதற்குள் இருக்கிறது. ஓரடுக்கு டிவிடி ஒன்றின் கொள்ளளவு 4.7 ஜிபி; ஈரடுக்கு டிவிடிக்கு 8.5 ஜிபி. மூன்று மணி நேரத் தமிழ்ப் படம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் ஓரடுக்கு வட்டு முழுவதும் அதற்கே வேண்டும். அதே வட்டில் அரை மணி நேரக் கூடுதல் காட்சிகளைச் சேர்த்தால், அவை ஏறத்தாழ 1 ஜிபியை எடுத்துக்கொள்ளும். அந்த இடம் படத்தின் பங்கிலிருந்து பிடுங்கப்பட்டதே. படத்தில் மழைக்காட்சி வரும்போது திரையில் சிறு சிறு கட்டங்கள் தோன்றுவது இத்தகைய நெருக்கடியால்தான். எனவே ஒற்றை வட்டில் பலவற்றை அடைத்திருப்பதாகப் பெருமை பேசும் உறையைக் கண்டால் ஐயுறுவதே அறிவுடைமை. இரண்டாம் வட்டில் தனியே தரப்பட்டிருந்தால் கவலையில்லை.

ஆனால் விளக்கவுரைத் தடத்திற்கு இக்கணக்கு பொருந்தாது. அது வெறும் ஒலி. மூன்று மணி நேரம் இயக்குநர் விடாமல் பேசினாலும் சுமார் கால் ஜிபிக்குள் அடங்கிவிடும். அதைப் பதிவு செய்ய அரங்கம் வேண்டா, ஒப்பனை வேண்டா. ஒரு சிறிய அறையும் ஒலிவாங்கியும் படத்தின் பிரதியும் போதும். சிறப்புப் பகுதிகளுள் மிகக் குறைந்த செலவில் சேர்க்கக்கூடியதும் மிகுந்த பயன் தருவதும் இது ஒன்றே. இதைத்தான் தமிழ்க் குறுந்தகடுகள் பெரும்பாலும் தராமல் விட்டன என்பது வருத்தத்திற்குரியது.

மாறாக, தரப்பட்டவை எவை? முன்னோட்டம், பாடற்காட்சிகளின் பட்டியல், ஒளிப்படங்கள், ‘மேக்கிங்’ என்னும் பெயரில் பத்து நிமிடத் தொகுப்பு. அத்தொகுப்பில் நாயகி இயக்குநரைப் புகழ்வார். இயக்குநர் தயாரிப்பாளரைப் புகழ்வார். தயாரிப்பாளர் எல்லாரையும் புகழ்வார். யாரும் யாரிடமும் ஒரு காட்சி ஏன் ஏழு முறை எடுக்கப்பட்டது என்று கேட்கமாட்டார். இவை பெரும்பாலும் படம் வெளிவருவதற்கு முன் அதை விற்பதற்காக எடுக்கப்பட்டவை. இன்று இவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றுக்குப் பணம் கொடுப்பது, கடைக்காரர் தரும் விளம்பரப் பைக்குத் தனி விலை கொடுப்பதைப் போன்றது. படம் வெளிவந்து, கைதட்டலும் வசையும் அடங்கியபின் பதிவு செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அப்போது பேசுபவர் தம் தவறுகளையும் பேசுவார். நீக்கப்பட்ட காட்சிகளும் இத்தகையவையே. அவற்றை மட்டும் தனியே பார்த்தால், நீக்கியது சரியே என்று தோன்றும். ஏன் நீக்கப்பட்டது என்று படத்தொகுப்பாளர் சொல்லக் கேட்டால் அதுவே ஒரு பாடமாகும்.

பயனுள்ளது எப்படி இருக்கும் என்பதற்கு நாராயணவனத்துப் பிள்ளைகளுக்கு மிக அருகிலிருக்கும் எடுத்துக்காட்டு ‘மாயா பஜார்’. 1957ஆம் ஆண்டு, விஜயா நிறுவனத்திற்காகக் கே. வி. ரெட்டி இயக்கிய இப்படம் தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்டது. தெலுங்கு வசனத்தைப் பிங்கலி நாகேந்திர ராவும், தமிழ் வசனத்தைத் தஞ்சை ராமையாதாஸும் எழுதினர். நிலவு இல்லாத இடத்தில் நிலவொளியைத் தோற்றுவித்தார் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி. துவாரகை நகரம் சின்னஞ்சிறு வீடுகளால் அமைக்கப்பட்டு, அவற்றுள் விளக்கும் ஏற்றப்பட்டது. கடோற்கசனின் வாய்க்குள் பலகாரங்கள் தாமாகப் பறந்து செல்வதைக் கண்டு சிரிக்காத குழந்தை இல்லை. அது எப்படி எடுக்கப்பட்டது என்று அக்குழந்தை உடனே கேட்கும். அக்கேள்விக்கு விடை சொல்லும் பகுதி ஒன்று வட்டில் இருந்தால், படத்தின் விலையைப் போல் இரு மடங்கு கொடுத்தாலும் தகும்.

அப்படத்தில் கே. வி. ரெட்டியிடம் தொழில் பழகிய இளைஞர்களுள் ஒருவர் சிங்கீதம் சீனிவாச ராவ். முப்பதாண்டுகள் கழித்து, 1989இல், அவர் தமிழில் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தை இயக்கினார். அதில் கமல்ஹாசன் உயரம் குறைந்த அப்புவாக நடித்த விதம் பல ஆண்டுகள் இரசிகர்களுக்குப் புதிராக இருந்தது. நேருக்கு நேராக எடுக்கும் காட்சிகளில் தரையில் பள்ளம் தோண்டிக் கால்களை முழங்கால்வரை மறைத்தார்கள். பக்கவாட்டுக் காட்சிகளில் மடக்கிய முழங்காலில் பொருத்தும் தனிக் காலணிகளைப் பயன்படுத்தினார்கள். இதில் விலையுயர்ந்த கருவி ஏதும் இல்லை. எந்தக் கோணத்திற்கு எந்த வழி என்னும் தொழிலறிவே இருக்கிறது. குருவின் பக்கத்தில் நின்று சிங்கீதம் போன்றோர் கற்றனர். பக்கத்தில் நிற்க வாய்ப்பில்லாத ஆயிரக்கணக்கானவர்க்கு அவ்விடத்தில் சிறிது நேரம் நிற்கத் தருவதே நல்ல சிறப்புப் பகுதியின் வேலை.

மாயத்தின் மறைவை நீக்கினால் மாயம் போய்விடாதா என்று கேட்பவர் உண்டு. முதன்முறை பார்க்கும்போது விளக்கவுரையைப் போடுவது கூடாதுதான். அது விருந்துண்பவரைப் பந்தியிலிருந்து எழுப்பி அடுப்படிக்கு அழைத்துச் செல்வதாகும். இரண்டாம் முறையில் அந்த அச்சம் தேவையில்லை. நாராயணவனம் கல்யாண வேங்கடேசுவரர் கோயிலுக்கு வருவோர், பத்மாவதி திருமணத்தின்போது பயன்பட்டதாகச் சொல்லப்படும் பெரிய திரிகைக்கல்லையும் பார்க்கிறார்கள். திருமணக் கதையை முன்பே நூறு முறை கேட்டவர்கள் அவர்கள். அரைத்த கல்லைக் கண்டதால் அவர்களுள் எவருக்கும் கதை சிறுத்துப்போனதாகத் தெரியவில்லை. கல்லின் முன் நின்று, இதைச் சுற்றியவர் யாராக இருந்திருப்பார் என்று தமக்குள் பேசிக்கொள்கிறார்கள்.

இன்னொரு செய்தி உண்டு. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்தது. எச். எம். ரெட்டி இயக்கினார். நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் மறுமொழி சொன்னார். தெருவில் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசும் பிள்ளைகளுக்கு இது வியப்பாக இராது. அப்படத்தின் பிரதி ஒன்றும் இன்று இல்லை. அதைப் பற்றி எஞ்சியிருப்பவை விளம்பரங்களும் பத்திரிகைக் குறிப்புகளுமே. அதாவது, படம் அழிந்து சிறப்புப் பகுதி மட்டும் பிழைத்திருக்கிறது. அதைச் சுற்றியிருந்தவர்களின் பேச்சும் யாராலோ பதிவு செய்யப்பட்டிருந்தால் இன்று அதன் மதிப்பு என்னவாக இருக்கும்! சத்யஜித் ராயின் அபு வரிசைப் படங்களின் மூலச்சுருள்கள் 1993இல் இலண்டனில் தீக்கிரையாயின. எஞ்சியவற்றிலிருந்து அவை மீட்கப்பட்டு 2015இல் வெளிவந்தபோது, மீட்ட விதமும் அத்தொகுப்பிலேயே சேர்க்கப்பட்டது. அப்பகுதியைப் பார்த்தவர் எவரும் படச்சுருளை வெறும் பழைய பொருள் என்று இனி எண்ணமாட்டார்.

வாங்குமுன் உறையின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அன்போடு அனுப்பும் வட்டாயின், உலக உருண்டை போன்ற குறிக்குள் இருக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். இந்தியாவுக்குரிய எண் 5, அமெரிக்காவுக்குரியது 1. எண் மாறினால் கருவி வட்டைத் திருப்பித் தள்ளிவிடும். ‘விளக்கவுரை’, ‘ஒளிப்பதிவாளருடன் உரையாடல்’, ‘மீட்டெடுத்த விதம்’ போன்றவை இருந்தால் கூடுதல் விலை தகும். முன்னோட்டமும் ஒளிப்படங்களும் மட்டுமே என்றால் மலிவான பதிப்பே போதும்.

வீட்டுத் தமிழும் தெருத் தெலுங்கும் அறிந்த பிள்ளைக்கு எந்த நிறுவனமும் இதுவரை விளம்பரம் செய்யாத சிறப்புப் பகுதி ஒன்று உண்டு. ‘மாயா பஜார்’ படத்தின் இரு மொழிப் பிரதிகளையும் வாங்கி, ஒரே காட்சியை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கலாம். தெலுங்குப் படம் 2010இல் வண்ணமாக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது. தமிழ்ப் படத்தைப் பழைய கறுப்பு வெள்ளையிலேயே பார்க்கலாம். சாவித்திரியும் ரங்காராவும் இரண்டிலும் இருக்கிறார்கள். அபிமன்யுவாக அங்கே நாகேசுவர ராவ், இங்கே ஜெமினி கணேசன். துரியோதனன் மகனாக அங்கே ரேலங்கி, இங்கே தங்கவேலு. ஒரே நகைச்சுவைக்கு இருவரும் வெவ்வேறு இடத்தில் மூச்சு விடுவார்கள். தெலுங்கு மட்டும் அறிந்த நண்பனுக்கும், சென்னையில் தமிழ் மட்டும் அறிந்து வளரும் சித்தப்பா மகனுக்கும் அவ்வேறுபாடு கேட்காது.