ஆள் சேர்க்கிறார்கள் சரி, தக்கவைக்கிறார்களா?

இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான தலைப்பு. ரோட்டரி, லயன்ஸ், கல்லூரிகளில் இருக்கும் ரோட்டராக்ட், லியோ, என்.எஸ்.எஸ். போன்ற சேவை அமைப்புகளைப் பற்றி. "அதெல்லாம் பெரிய மனிதர்கள் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விஷயம் நம்மைப் பற்றியதும்தான்.

ஜூலை மாதம் மதுரைப் பக்கம் வந்தால் பதவியேற்பு விழாக்களைப் பார்க்கலாம். ரோட்டரிக்கும் லயன்ஸுக்கும் ஆண்டுக்கணக்கு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. புதுத் தலைவருக்கு மாலை, சால்வை, வரவேற்புரை, பிறகு "இந்த ஆண்டு இத்தனை புதிய உறுப்பினர்களைச் சேர்ப்போம்" என்ற அறிவிப்பு. கைதட்டல். ஆனால் போன ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்ற கணக்கு மேடையில் வருவதேயில்லை!

இவை சாதாரண அமைப்புகள் அல்ல. 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களுடன் ஆரம்பித்தது ரோட்டரி. 1917-ல் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியில் வந்தது லயன்ஸ். இன்று இரண்டிலும் தனித்தனியே பத்து லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். இந்தியா போலியோ இல்லாத நாடு என்று 2014 மார்ச் 27-ல் சான்று பெற்றதில் ரோட்டரிக்காரர்களின் உழைப்பும் பணமும் பெரிய பங்கு. இப்படிப்பட்ட சங்கங்களில் ஆள் குறைந்தால் நஷ்டம் சங்கத்துக்கு மட்டுமல்ல, ஊருக்கும்தான்.

ஏன் இளைஞர்கள் நிலைப்பதில்லை என்று கேட்டால் ரெடிமேட் பதில் ஒன்று உண்டு. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு சேவை மனப்பான்மை கிடையாது." இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மதுரையில் இருந்துகொண்டு யாரும் இதை ஒத்துக்கொள்ளக் கூடாது.

நம் ஊர் ரசிகர் மன்றங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஸாரா டிக்கி என்ற அமெரிக்க மானுடவியலாளர் மதுரைக்கே வந்து தங்கி சினிமா ரசிகர்களை ஆராய்ச்சி செய்து 1993-ல் புத்தகம் வெளியிட்டார். வசதியில்லாத இளைஞர்கள் மன்றம் வைத்துத் தங்களால் ஆன சமூக சேவையும் செய்வதை அதில் விவரமாக எழுதியிருக்கிறார். கமல்ஹாசன் தன் மன்றங்களை நற்பணி இயக்கமாகவே மாற்றினார். கையில் காசில்லாத பையன்கள் வருஷக்கணக்கில் மன்றத்தில் இருந்தார்கள், ரத்ததானம் செய்தார்கள்.

இன்னும் பழைய உதாரணம் வேண்டுமா? சித்திரைத் திருவிழா. அழகர்மலையிலிருந்து அழகர் வைகைக்கு வரும் வழியெல்லாம் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பமோ, தெருவோ, தொழில் செய்பவர்களோ இருக்கிறார்கள். தாத்தா செய்ததைப் பேரன் செய்கிறான். அங்கே "மெம்பர்ஷிப் கமிட்டி" எதுவும் கிடையாது!

வித்தியாசம் எங்கே? மன்றத்தில் நேற்று சேர்ந்த பையன் கையில் இன்று பசை வாளி இருக்கும். மண்டகப்படியில் பந்தல் ஒருவர், பானகம் ஒருவர், விளக்கு ஒருவர். அவர் வராவிட்டால் அந்த வேலை நின்றுவிடும். சேவைச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு என்ன கிடைக்கிறது? சட்டையில் குத்த ஒரு பின், உட்கார ஒரு நாற்காலி, கூட்டம் முடிந்ததும் சாப்பாடு. அவர் வராவிட்டால் ஒரு இலை மிச்சம். அவ்வளவுதான். நாலு கூட்டம் வருவார், ஐந்தாவதுக்கு ஏன் வர வேண்டும்?

"மண்டகப்படியில் குடும்ப உரிமை இருக்கிறது, மன்றத்தில் நடிகர் மேல் பாசம் இருக்கிறது, சங்கத்தில் அப்படி எதுவும் இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அதுதான் சங்கத்தின் பெருமையும்கூட. பிறப்போ, அபிமானமோ பார்க்காமல் யாரும் சேரலாம். (பெண்களுக்கு மட்டும் லயன்ஸ் 1987-லும் ரோட்டரி 1989-லும்தான் உலகம் முழுக்க வழிவிட்டன என்பது வேறு கதை.) ஆனால் பிடித்து வைக்க வேறு கயிறு இல்லாத இடத்தில் வேலைதான் கயிறு.

இதற்கும் மதுரையிலேயே நல்ல பாடம் இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளுடன் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களில் கண் முகாம்களை நடத்துகிறது. டாக்டர்களை மருத்துவமனை அனுப்பும். இடம் பிடிப்பது, ஊர் ஊராகத் தகவல் சொல்வது போன்ற வேலைகளை உள்ளூர் சேவைச் சங்கங்கள் எடுத்துக்கொள்ளும். ஒரு பாட்டியைக் கைபிடித்து வரிசையில் கொண்டுபோய் விட்டவர், அந்தப் பாட்டிக்குக் கண் தெரிந்தது என்று கேள்விப்பட்டவர், அடுத்த முகாமுக்குக் கூப்பிடாமலே வருவார்.

இப்போது மரம் நடும் விழாவுக்கு வருவோம். ஜூலையில் புதுத் தலைவர் பதவியேற்ற உற்சாகத்தில் கன்று நடுகிறார். ஆனால் மதுரைக்கு நல்ல மழை வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஆடிக்காற்றில் கன்று பாதி வாடிவிடும். தப்பித்தது சித்திரை, வைகாசி வெயிலைச் சந்திக்கும்போது தலைவர் கணக்கு ஒப்படைப்பதில் பிஸி. அடுத்த தலைவர் வேறு இடத்தில் வேறு கன்று நடுவார். உறுப்பினர்கள் கதையும் இதேதான். சேர்த்தவர் ஒருவர், தண்ணீர் ஊற்ற வேண்டியவர் இன்னொருவர்!

கல்லூரிப் பக்கமும் இதே நிலைமை. 1969-ல் காந்தி நூற்றாண்டில் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது என்.எஸ்.எஸ். இரண்டு ஆண்டில் 240 மணி நேர சேவை, கிராமத்தில் ஏழு நாள் முகாம். மண்வெட்டி பிடிக்கப் பழகி, கூச்சம் போய், ஊர் மக்களோடு பேசக் கற்றுக்கொண்ட மாணவன் டிகிரி முடித்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறான். அத்தோடு சரி. "நீ எந்த ஊருக்குப் போகிறாய்? அங்கே உனக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்க ஆளில்லை. ரோட்டராக்டில் 30 வயது வரம்பைக்கூட 2020-ல் எடுத்துவிட்டார்கள். பட்டம் வாங்கியதும் விலக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் பலர் விலகுகிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றியவை:

1. புதிதாகச் சேர்பவருக்கு முதல் மாதமே பெயர் சொல்லி ஒரு வேலை கொடுக்க வேண்டும். சின்ன வேலையாக இருக்கட்டும், ஆனால் அவருடைய வேலையாக இருக்கட்டும்.

2. எந்தத் திட்டமும் மூன்று ஆண்டுத் திட்டமாக இருக்க வேண்டும். புதுத் தலைவர் பழைய தலைவரின் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதாக மேடையில் சொல்லட்டும். மாலையைவிட அது அழகு.

3. ஓட்டல் சாப்பாட்டுச் செலவைக் குறைக்கலாம். இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு அந்தச் சந்தா பெரிய தொகை. வாரா வாரம் கூட வேண்டும் என்ற விதியை 2016-லேயே ரோட்டரி தளர்த்திவிட்டது. மாதத்தில் ஒரு கூட்டத்தைக் களத்திலேயே வைத்துக்கொள்ளலாமே.

4. கடைசி ஆண்டு மாணவர் ஒவ்வொருவரையும் அவர் போகும் ஊரில் உள்ள ஒரு சங்கத்துக்கு அறிமுகம் செய்து அனுப்ப வேண்டும். ஒரு போன் போதும்.

5. ஜூலை விழாவில் இரண்டு எண்களைப் படிக்க வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நிலைத்தார்கள்.

இதில் முதலாவதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே மற்ற நான்கும் பாதி சுலபமாகிவிடும் என்பது என் எண்ணம். உதவி செய்ய ஆசைப்படும் மனிதர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறோம், அதுதான் தப்பு.